வாளும் கதையும்



படக்கொட்டகையை விட்டு வெளியே வரும் கூட்டத்தின் பேச்சைச் சிறிது நேரம் செவிமடுத்தால், ஒரு தீர்ப்பு அடிக்கடி நம் காதில் விழும். "சண்டை பிரமாதம், கதைதான் ஒன்றுமில்லை" என்பதே அத்தீர்ப்பு. கண்ணுக்கு விருந்து கிடைத்தது, கருத்துக்குக் கஞ்சியும் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். இவ்வாறு சொல்லிவிட்டு மக்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வரலாறு பயில்வோர் அவ்வளவில் அமைந்துவிடலாகாது. சண்டை ஏன் பிரமாதமாயிற்று, கதை ஏன் ஒன்றுமில்லாமற் போயிற்று என்ற இரண்டு வினாக்களையும் அவர்கள் எழுப்ப வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை தேடிப் போனால், படத்தைக் கடந்து நாட்டின் வரலாற்றுக்குள்ளே நாம் நுழைந்துவிடுவோம். நம் புதுக்கோட்டைச் சீமையும் அவ்வழியில் எதிர்ப்படும்.

இதற்கு எடுத்துக்காட்டாக ஒரு படத்தை மட்டும் கொள்வோம். 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9-ஆம் நாள் வெளிவந்த 'சந்திரலேகா' என்பது அப்படம். ஆனந்த விகடன் இதழின் அதிபரும் ஜெமினி ஸ்டூடியோவின் உரிமையாளருமான எஸ். எஸ். வாசன் அதனைத் தயாரித்தார். டி. ஜி. ராகவாச்சாரியார் தொடங்கிய இயக்குநர் பொறுப்பையும் பின்னர் வாசனே ஏற்று முடித்தார். படம் உருவாக ஏறத்தாழ 5 ஆண்டுகள் சென்றன. 30 இலட்சம் ரூபாய் செலவாயிற்று என்பர். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் அதன் இந்தி வடிவமும் வெளிவந்து, சென்னையில் எடுத்த ஒரு படம் வடநாடு முழுவதையும் வியக்கச் செய்தது. தென்னாட்டுப் படத்தொழிலுக்கு வடக்கே கதவு திறந்த நிகழ்ச்சி அது.

இத்தகைய படத்தின் கதை எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள். 'பாலநாகம்மா', 'மங்கம்மா சபதம்' ஆகிய படங்களின் வெற்றிக்குப் பின்னர், பெண்ணொருத்தியை முதன்மைப் பாத்திரமாகக் கொண்டு மீண்டும் ஒரு படம் எடுக்க வாசன் விரும்பினார். ஸ்டூடியோவின் கதை இலாகாவினர் ஒரு கதையைச் சொன்னார்கள். கதை அவருக்குப் பிடிக்கவில்லை. கதாநாயகியின் பெயர் மட்டும் பிடித்திருந்தது. 'சந்திரலேகா' என்ற அப்பெயரை வைத்தே படத்திற்கு விளம்பரமும் செய்துவிட்டார். பெயர் சூட்டிவிட்டுப் பிள்ளையைத் தேடிய கதையாயிற்று! கதை இலாகாவினர் பல மாதங்கள் முயன்றும் ஏற்ற கதை அமையவில்லை. முடிவில், ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் 'ராபர்ட் மக்கேர்' நூலிலிருந்து ஒரு நிகழ்ச்சி கிடைத்தது. கொள்ளையனுக்கு அஞ்சாத பெண் ஒருத்தியைப் பற்றிய அந்த ஒரு நிகழ்ச்சியை வித்தாக வைத்து, மற்றவற்றை அதன்மேல் வளர்த்தார்கள்.

வளர்ந்த கதை இதுதான். ஓர் அரசனுக்கு வீரசிம்மன், சசாங்கன் என்று இரண்டு மைந்தர்கள். மூத்தவனுக்கு முடிசூட்ட அரசன் கருதுகிறான். இளையவன் சினங்கொண்டு வெளியேறிக் கொள்ளைக் கூட்டத்திற்குத் தலைவனாகிறான். நாட்டியமாடும் கிராமப் பெண்ணாகிய சந்திரலேகாவை இருவரும் விரும்புகின்றனர். அவள் நெஞ்சம் மூத்தவனிடம் செல்கிறது. இளையவன் அவனைக் குகையொன்றில் அடைத்துவிட, சர்க்கஸ் யானைகள் வந்து மீட்கின்றன. காதலர் இருவரும் சர்க்கஸ் கூட்டத்தில் ஒளிந்து வாழ்கின்றனர். பின்னர் அவள் சசாங்கனிடம் பிடிபட்டு, அவனை மணக்க இசைவதுபோல் நடிக்கிறாள். மணவிழாவில் முரசு நடனம் நிகழ வேண்டும் என்று மட்டும் கேட்கிறாள். நடனம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிப்படுகிறார்கள். உடன்பிறந்தார் இருவரும் வாளேந்திப் பொருகின்றனர், மூத்தவன் வெல்கிறான்.

இக்கதையைத் தராசில் இட்டுப் பாருங்கள். மூத்தவன் ஏன் ஆள வேண்டும்? முன்னே பிறந்தான் என்பதைத் தவிர வேறு விடை இல்லை. இளையவன் ஏன் தீயவன்? அவன் தீயவன் என்று கதை சொல்வதால்தான் தீயவன். அந்நாட்டுக் குடிமக்களுக்கு எந்த ஆட்சியால் என்ன நன்மை, எந்த ஆட்சியால் என்ன தீமை? அவ்வினாவை எவரும் எழுப்பவேயில்லை. இடையில் வரும் சர்க்கஸ் காட்சிகளும் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது புதிதாகச் சேர்க்கப்பட்டவையே. கமலா சர்க்கஸ், பரசுராம் லயன் சர்க்கஸ் என்னும் இரண்டு குழுக்கள் அதற்காக வரவழைக்கப்பட்டன. 1947-இல் சிறையிலிருந்து விடுதலையாகி வந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுக்கும் டி. ஏ. மதுரத்திற்கும் அதில் இடம் வகுக்கப்பட்டது. காட்சிக்காகக் கதை வளைந்ததேயன்றிக் கதைக்காகக் காட்சி வளையவில்லை என்பது இதனாற் புலனாகும்.

ஆயினும் காட்சியின் சிறப்பை மறைத்தல் நேர்மையன்று. முரசு நடனத்தை எண்ணிப் பாருங்கள். அரண்மனை முற்றத்தில் வரிசை வரிசையாக மாபெரும் முரசுகள். அவற்றின் மேல் நின்று ஆடும் நங்கையர். ஏறத்தாழ 400 பேர் அந்நடனத்தில் பங்கு கொண்டார்கள் என்றும், ஒத்திகை மட்டும் 6 மாதங்கள் நடந்தது என்றும் கூறுவர். அரங்க நிர்மாணத்தை அமைத்தவர் ஏ. கே. சேகர். ஒளிப்பதிவு செய்தவர் கமல் கோஷ். டி. ஆர். ராஜகுமாரி கதாநாயகி. முரசுக்குள் வீரரை ஒளித்து அரண்மனைக்குள் புகுத்தும் உத்தி, கிரேக்கர்கள் மரக்குதிரைக்குள் படைவீரரை ஒளித்து டிராய் நகரத்துள் புகுத்திய பழங்கதையை நினைவூட்டும். கதையின் பிற பகுதிகளை மறந்தவர்களும் அந்த முரசுகளை மறப்பதில்லை.

அதனையடுத்து வாட்போர். இந்தியப் படங்களில் காணும் நீண்ட வாட்போர்களுள் அஃது ஒன்று. மூத்தவனாக எம். கே. ராதாவும் இளையவனாக ரஞ்சனும் பொருதனர். ரஞ்சன் கல்லூரிப் படிப்பும் நாட்டியப் பயிற்சியும் உடையவர். வாட்பயிற்சியை முறையாகக் கற்றவர். அவருடைய வாள்வீச்சில் மேனாட்டு முறையின் சாயல் மிகுதி. 1937-இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 'பிரிசனர் ஆஃப் ஜெண்டா' போன்ற படங்களைக் கண்ட கண்களுக்கு அந்தச் சாயல் எளிதிற் புலனாகும்.

திரையில் நிகழும் போர் எவ்வாறு அமைகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மெய்யான வாட்போர் சில நொடிகளில் முடிந்துவிடக் கூடியது. அதில் தேர்ந்தவன் தன் வீச்சை எதிரிக்குத் தெரியாமல் மறைப்பான். திரைப்போரிலோ ஒவ்வொரு வீச்சும் காண்போருக்குத் தெரிய வேண்டும். ஆகவே வீச்சு அகன்றதாகவும் எதிர்வீச்சு முன்பே பேசி வைத்ததாகவும் இருக்கும். இருவரும் பகைவர்போல் தோன்றினாலும் ஒருவர் உயிரை மற்றவர் காத்துக்கொண்டே ஆடுகின்றனர். கால் ஓர் அங்குலம் பிசகினால் காயம் பட்டுவிடும். நம்மூர்ச் சிலம்ப ஆசான் முதலிற் கம்பைக் கையில் கொடுப்பதில்லை. காலடி வரிசையைத்தான் கற்பிப்பார். கால் பழகிய பின்னரே கைக்குக் கம்பு வரும். திரையில் நாம் கண்டு மகிழும் அழகுக்கும் அக்காலடிப் பயிற்சியே அடிப்படை. அந்த அழகு செலவழித்த பணத்தால் மட்டும் வந்துவிடவில்லை. பழகிய உடம்பால் வந்தது.

அந்தப் பழகிய உடம்புகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் நாடகக் குழுக்களிலிருந்து வந்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் தமிழ்நாட்டில் பல இருந்தன. பாட்டு, வசனம், கூத்து ஆகியவற்றோடு உடற்பயிற்சியும் அங்கே பழகிற்று. இதற்கு நம் ஊர் தந்த எடுத்துக்காட்டு பி. யு. சின்னப்பா. பி. யு. என்னும் எழுத்துகள் புதுக்கோட்டை உலகநாதன் என்பவற்றின் முதலெழுத்துகள். 1916-இல் பிறந்த அவர் இளமையிலேயே நாடக மேடை ஏறினார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் புகழ் பெற்றார். எம். ஜி. இராமச்சந்திரனும் சிறுவராக இருந்து பயின்ற குழு அது. வளர்ந்தபோது குரல் உடைந்து மேடை வாய்ப்புக் குறையவே, சின்னப்பா மனம் சோர்ந்துவிடவில்லை. சிலம்பமும் மற்போரும் பளு தூக்குதலும் பயின்று உடம்பை உரமாக்கிக்கொண்டார். 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் பூண்டார். தமிழ்ப்படத்தில் ஒரே நடிகர் இரு வேடங்களில் தோன்றியது அதுவே முதன்முறை எனப் போற்றுவர். 'கண்ணகி', 'ஜகதலப்பிரதாபன்' முதலிய படங்களால் மேலும் புகழ் பெற்று, 1951-இல் தம் 35-ஆம் வயதிலேயே மறைந்தார். பாடும் தொண்டையும் பொரும் தோளும் ஒருவரிடமே அமைந்திருந்த தலைமுறைக்கு அவர் ஒரு சான்று.

நாடகக் குழுக்களுக்கு முன்னே இக்கலை எங்கே வாழ்ந்தது என்று மேலும் பின்னோக்கிப் போவோம். புதுக்கோட்டை நகருக்கு அருகே பொற்பனைக்கோட்டை என்னும் இடம் உண்டு. பழைய கோட்டையின் அடையாளங்களைக் கொண்ட அவ்வூரில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று 2012-இல் கண்டறியப்பட்டது. ஆநிரை தொடர்பான பூசலில் உயிர் துறந்த வீரனுக்காக நட்ட கல் அது. சில சொற்களே கொண்ட சிறு கல்தான். ஆயினும் இறந்தவன் யார், எதனால் இறந்தான் என்பதை அது சொல்லிவிடுகிறது. அவன் எத்தனை பேரை வீழ்த்தினான், எவ்வளவு அழகாக வாள் சுழற்றினான் என்பதை அது சொல்லவில்லை.

நம் இலக்கண நூலாரும் இவ்வாறே எண்ணினர். புறப்பொருள் வெண்பாமாலை போரை எவ்வாறு பகுக்கிறது என்று பாருங்கள். ஆநிரை கவர்தல் வெட்சி, கவர்ந்த ஆநிரையை மீட்டல் கரந்தை, பிறர் நாட்டின்மேற் படையெடுத்தல் வஞ்சி, படையெடுத்து வந்தாரை எதிர்த்தல் காஞ்சி, கோட்டையைக் காத்தல் நொச்சி, கோட்டையை வளைத்தல் உழிஞை, நேருக்கு நேர் நின்று பொருதல் தும்பை, வெற்றி வாகை. வாட்போர், விற்போர், வேற்போர் என்று கருவியால் அவர்கள் வகுத்தாரில்லை. எதன்பொருட்டு, எந்நிலையில் நின்று பொருகின்றார்கள் என்பதைக் கொண்டே வகுத்தார்கள். காரணத்தை நீக்கிவிட்டுப் போரை எண்ணிப் பார்க்கும் பழக்கம் பழந்தமிழ் நூலோரிடம் இல்லை என்பது இதனால் விளங்கும்.

போருக்கும் மக்களுக்கும் இருந்த அந்த உறவு பிற்காலத்தில் அறுந்தது. அறுந்த காலத்தையும் நாம் குறிப்பிட்டுச் சொல்லக்கூடும். 1799-இல் வீரபாண்டியக் கட்டபொம்மன் புதுக்கோட்டை எல்லைக்குள் பிடிபட்டுக் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அக்காலத்தில் தொண்டைமான் அரசு கும்பினியின் நட்பு அரசாக இருந்தது என்ற உண்மையையும் மறைக்காமற் கற்க வேண்டும். 1801-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியிற் கும்பினியார் அறிவிப்பு வெளியிட்டுப் பாளையங்களிலிருந்த படைக்கலங்களை ஒடுக்கினர். பின்னர் 1878-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று.

படைக்கலம் போனால் கலை என்னவாகும்? வளரியின் வரலாறு அதற்கு விடை சொல்லும். வளரி என்பது பிறை வடிவினதாய், ஒரு முனை கனத்ததாய், மரத்தாலோ இரும்பாலோ செய்யப்பட்ட எறிகருவி. கும்பினிப் படையின் அதிகாரியாக இருந்த வெல்ஷ் என்பவர், வேல் எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதல் கற்பித்தவர் சின்னமருதுவே என்று தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். கற்பித்தவரை எதிர்த்தே பின்னர் அவர் போரிட நேர்ந்தது. நூறாண்டு கழிந்து, 1909-இல் எட்கார் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றித் தாம் வெளியிட்ட நூலில், புதுக்கோட்டைத் திவான் தந்த செய்தி ஒன்றைச் சேர்த்திருக்கிறார். வளரி எறிவதில் தேர்ந்தவர் இச்சமஸ்தானத்தில் இப்பொழுது எவரும் இலர். முயல் வேட்டைக்கு மட்டும் எப்போதாவது அது பயன்படுகிறது. அதன் காலம் முடிந்துவிட்டது என்பது அச்செய்தியின் சாரம். ஒரு கலை ஒரே நூற்றாண்டில் எப்படி மறைந்தது என்பதற்கு நம் சமஸ்தானத்துத் திவானின் சொல்லே சான்றாகி நிற்கிறது.

வளரி மறைந்தது, சிலம்பம் திருவிழாக்களிலும் ஊர்வலங்களிலும் ஒதுங்கி உயிர் பிழைத்தது, வாள் நாடக மேடையில் அடைக்கலம் புகுந்தது. மேடையிலிருந்து அது திரைக்கு வந்தது. பகைவனை வெல்வதற்கென்று பழகிய கலை, காண்போரை மகிழ்விப்பதற்கென்று பழகும் கலையாயிற்று. சண்டைக் காட்சி ஏன் பிரமாதமாயிற்று என்ற முதல் வினாவுக்கு இதுவே விடை. போர்க்களத்தில் வேலையிழந்த திறமை முழுவதும் அரங்கத்திற்கு வந்து சேர்ந்தது.

இனி இரண்டாம் வினா: கதை ஏன் மெலிந்தது? கதை இலாகாவினரின் அவசரம் ஒரு காரணம் என்று கண்டோம். அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டென்று நான் கருதுகிறேன். அதைக் காண 1948-ஆம் ஆண்டு நாட்காட்டியைப் புரட்டினால் போதும்.

அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாயிற்று. இரகுநாதத் தொண்டைமான் 1686-இல் தொடங்கிய ஆட்சி, இராஜகோபாலத் தொண்டைமான் காலத்தில் அமைதியாக முடிவெய்தியது. வாளை உறையிலிருந்து எவரும் உருவவில்லை. முரசுக்குள் எவரும் ஒளிந்திருக்கவில்லை. கையொப்பம் ஒன்று இடப்பட்டது, அரசு கைம்மாறியது. இந்நிகழ்ச்சி நடந்து ஏறத்தாழ 5 வாரங்களில், அரியணைக்காக இரு இளவரசர் வாள் வீசும் 'சந்திரலேகா' வெளிவந்தது! அப்போது நாடெங்கும் நூற்றுக்கணக்கான சமஸ்தானங்கள் இணைந்துகொண்டிருந்தன. முடி யாருக்கு என்ற வினா நாட்டில் மறைந்து, முடியே வேண்டுமா என்ற வினா எழுந்து, அதற்கு விடையும் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. படமோ பழைய வினாவையே பற்றிக்கொண்டிருந்தது. உயிரற்ற வினாவுக்கு எவ்வளவு அழகான வாட்போரால் விடை சொன்னாலும் கதைக்கு உயிர் வராது. அக்கதையின் மெலிவுக்கு இதுவே மெய்யான காரணம் என்பது என் துணிபு.

புதுக்கோட்டையின் மெய்க்கதை அதைவிடச் சுவையுள்ளது அன்றோ? 1902-இல் இங்கே மக்கள் பிரதிநிதித்துவ சபை ஒன்று கூடியது. 1924-இல் சட்டசபை அமைந்தது. 1948-இல் அரசு இணைந்தது. 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. மன்னர் வாழ்ந்த புதிய அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமாயிற்று. மனுவைக் கையில் ஏந்திய உழவர் அரண்மனைப் படியேறிச் செல்லும் காட்சி எந்த ஸ்டூடியோவும் அமைத்துத் தந்ததன்று.

"அப்படியானால் வாட்போர்ப் படம் எதுவும் நல்ல கதையைக் கொள்ள முடியாதோ?" என்று நீங்கள் கேட்கக்கூடும். முடியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். 1958-இல் எம். ஜி. இராமச்சந்திரன் தாமே தயாரித்து இயக்கி நடித்த 'நாடோடி மன்னன்' படத்திலும் அரண்மனை உண்டு, சூழ்ச்சி உண்டு, வாட்போர் உண்டு. ஆனால் அங்கே, மன்னனின் உருவத்தை ஒத்த சாமானியன் ஒருவன் அரியணையில் அமரும்போது, மக்களுக்கான சட்டங்களை அறிவிக்கிறான். ஆட்சி யாருக்காக என்ற வினா எழுகிறது. அந்த வினாவால் வாளுக்குப் பொருள் கிடைக்கிறது.

இரண்டாவது சான்று ஜப்பானிலிருந்து வருவது. அகிரா குரோசாவா 1954-இல் எடுத்த 'ஏழு சாமுராய்' என்னும் படத்தில், கொள்ளையரால் வருந்தும் உழவர்கள் தம் ஊரைக் காக்க 7 வீரர்களை அமர்த்திக்கொள்கிறார்கள். கூலி, உண்ணும் சோறு மட்டுமே. அந்த ஒரு பிடிச் சோற்றின் பெருமையைத் தலைவன் உணர்ந்த இடத்திலேயே கதை வலுப்பெற்றுவிடுகிறது. வீரருள் 4 பேர் மடிகின்றனர். நால்வரும் துப்பாக்கிக் குண்டுக்கே இரையாகின்றனர், வாளுக்கு அல்லர். வாட்கலையின் காலம் முடிவதை அப்படம் அறிந்தே காட்டுகிறது. கரந்தைத் திணை வகுத்த நம் முன்னோர் அப்படத்தைக் கண்டிருந்தால், ஊர் காக்க நின்ற அவ்வீரரைத் தம் சுற்றத்தார் என்றே கொண்டிருப்பர்.

இங்கே ஒரு தடை எழலாம். "நடனத்திற்குக் கதை கேட்கிறோமா? சங்கீதத்திற்குக் கதை கேட்கிறோமா? கண்ணுக்கு இனியதாயின் சண்டைக்கு மட்டும் கதை எதற்கு?" என்று சில மாணவர்கள் வினவுவர். நல்ல வினா. முரசு நடனத்திற்கு நானும் கதை கேட்கவில்லை. அது தன்னளவில் நிறைவுடையது. வாளோ அவ்வாறன்று. வாள் பிற உயிரை வீழ்த்தச் செய்த கருவி. அது ஓங்கப்படும்போது காண்போர் கைதட்டுகிறார்கள். எவனை வீழ்த்தலாம், எதற்காக வீழ்த்தலாம் என்பதைக் கைதட்டும் நெஞ்சங்கள் தம்மை அறியாமலே கற்றுக்கொள்கின்றன. காரணம் காட்டாத சண்டையைக் கண்டு பழகியவன், காரணம் கேளாமலே பக்கம் சேரப் பழகிவிடுவான். 14 வயதுச் சிறுவனுக்கு இது சிறிய செய்தியன்று. ஆகவே கதை வேண்டும் என்று கேட்பது பண்டிதரின் பிடிவாதம் ஆகாது. நாட்டின் நலம் கருதியே அதைக் கேட்கிறோம்.

அதற்காக மெலிந்த கதையுள்ள படத்தைத் தூக்கி எறிந்துவிடவும் நான் சொல்ல மாட்டேன். திவான் எழுதிய குறிப்பை மீண்டும் நினையுங்கள். வளரி வீசுவோன் தோளை எப்படித் திருப்பினான், காலை எங்கே ஊன்றினான், எந்த நொடியிற் கையை விட்டான் என்பவற்றை எழுத்தில் எவரும் முற்றக் காட்டிவிட இயலாது. அவனைப் படம் பிடிக்க அன்று கருவி இல்லை. ரஞ்சனும் ராதாவும் வீசிய வாளையோ 75 ஆண்டுகள் கடந்தும் நாம் காண்கின்றோம். ஆசானிடமிருந்து மாணாக்கனுக்கு உடம்பு வழியாக மட்டுமே இறங்கும் கலைகளுக்குத் திரைப்படம் ஒரு சாசனம் ஆகிறது. கல்வெட்டில் இலக்கணப் பிழை இருப்பினும் வரலாற்றறிஞன் அதனை உடைத்துப் போடுவதில்லை. பிழையைக் குறித்துக்கொண்டு செய்தியைப் போற்றுகிறான். நாமும் அதுவே செய்வோம்.

அந்தச் சாசனமும் அழியக்கூடியது என்பதை மறவாதீர்கள். 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' இன்று காணக் கிடைப்பதில்லை. பழைய படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. பற்றாவிடினும் நாளடைவில் நைந்துபோவது. படம் பிடித்துவிட்டதால் மட்டும் கலை பிழைத்துவிடாது; அதை வைத்துக் காப்பாரும் வேண்டும், கண்டு கற்பாரும் வேண்டும்.

ஆகவே இளைஞர்களே, உங்களுக்குச் சில வேலைகள் தருகிறேன். வாட்போர்ப் படம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால் இருமுறை பாருங்கள். முதன்முறை கண்ணால் மகிழுங்கள். இரண்டாம் முறை, இந்த வாள் யாருக்காக, எதற்காக ஓங்கப்படுகிறது என்று ஒவ்வொரு காட்சியிலும் கேளுங்கள்; விடையை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வரிக்கு மேல் எழுத முடியாவிட்டால் கதையின் அளவு விளங்கிவிடும். பெயர்ப்பட்டியல் ஓடும்போது எழுந்து போகாமல், சண்டை பயிற்றியவர் பெயரையும் படியுங்கள். முரசின்மேல் ஆடிய 400 பேருள் மிகப் பலரின் பெயர்களை நாடு மறந்துவிட்டது. அந்தக் குறை உங்கள் காலத்திலும் தொடர வேண்டாம்.

உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சிலம்பம் பயிற்றும் பெரியவர் இருப்பாராயின், அவரிடம் சென்று வணங்கி, வணக்க வரிசை முதல் அவர் கற்ற முறையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் இசைந்தால் படமும் பிடித்து வையுங்கள். எந்த ஆசானிடம் கற்றார், அந்த ஆசான் எவ்வூரினர் என்பனவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இக்காலத்தில் அதற்குப் பெருஞ்செலவு இல்லை. பொற்பனைக்கோட்டைக் கல்லைப் பொறித்தவன் ஒரு வீரனுக்காகச் செய்ததை நீங்கள் ஒரு கலைக்காகச் செய்தவர் ஆவீர்கள். அவன் எழுதியது சில சொற்களே. அவற்றுள் பெயரும் இருந்தது, காரணமும் இருந்தது. உங்கள் குறிப்பிலும் அவ்விரண்டும் இருக்கட்டும்.